நடுக்குவாதமும் நாவும்

வானொலி நிலையத்தில் ஒலிவாங்கியின் முன் அமர்ந்திருப்பவனுக்குக் குரல் ஒன்றுதான் உடைமை. அவன் முகத்தை நீங்கள் காண்பதில்லை, கையசைவையும் காண்பதில்லை. குரல் ஓங்கினால் உற்சாகமாய் இருக்கிறான் என்கிறீர்கள்; தாழ்ந்தால் சோர்ந்திருக்கிறான் என்கிறீர்கள். அன்றாட வாழ்விலும் நாம் குரலைக் கொண்டே பிறர் மனத்தை அளந்துவிடுகிறோம். இந்த அளவுகோல் எவ்வளவு பிழைபடக் கூடியது என்பதை ஒரு நோய் காட்டுகிறது. நம்மவர் நடுக்குவாதம் என்றும், மேல்நாட்டு வைத்தியர்கள் பார்க்கின்சன் நோய் என்றும் வழங்கும் நோய் அது. அதன் வரலாற்றையும், அதற்கு மருந்து கண்ட கதையையும், அம்மருந்து கையையும் காலையும் மீட்ட அளவுக்கு நாவை மீட்காமற்போன விந்தையையும் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

லண்டன் மாநகரின் ஒரு பகுதியாகிய ஹாக்ஸ்டனில் 1755-ஆம் ஆண்டில் பிறந்தவர் ஜேம்ஸ் பார்க்கின்சன். தந்தையும் வைத்தியர், மகனும் வைத்தியர். ஆயினும் வைத்தியம் மட்டும் மகனின் மனத்தை நிரப்பவில்லை. பூமிக்கடியில் கிடைக்கும் தொல்லுயிர்ப் படிவங்களை ஆராய்ந்து மூன்று பெரிய தொகுதிகள் எழுதினார். 1807-இல் லண்டனில் நிலவியல் கழகம் தோன்றியபோது அதைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவராய் இருந்தார். அரசியலிலோ அவர் சீர்திருத்தவாதி. பொதுமக்களின் உரிமைக்காக 'கிழ ஹியூபர்ட்' என்னும் புனைபெயரில் துண்டுப் பிரசுரங்கள் வெளியிட்டார். 1794-இல், மூன்றாம் ஜார்ஜ் மன்னரை நாடகக் கொட்டகையில் நச்சு அம்பெய்து கொல்லச் சதி நடந்ததாக ஒரு வழக்கு எழுந்தது. அதன் தொடர்பில் மன்னரின் ஆலோசனைச் சபையே பார்க்கின்சனை வரவழைத்து விசாரித்தது. ஓங்கிய குரலில் பேச அஞ்சாத மனிதர் அவர் என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

இத்தகையவர், அறுபது வயதைக் கடந்தபின், 1817-இல், நடுங்கும் வாதத்தைப் பற்றி 66 பக்கமே கொண்ட ஒரு சிறு நூலை வெளியிட்டார். அதில் ஆறே நோயாளிகளின் வரலாறு உண்டு. அவ்வறுவரையும் அவர் தம் மருத்துவ அறையில் கண்டாரல்லர். இருவரைத் தெருவில் தற்செயலாகச் சந்தித்து விசாரித்தார். ஒருவரைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. அறுவருள் ஒருவர் தோட்டக்காரர். மற்றொருவர் மாலுமி, ஸ்பெயின் நாட்டுச் சிறையில் மாதக்கணக்கில் ஈரத் தரையில் படுத்துக் கிடந்ததே தம் நோய்க்குக் காரணம் என்று அவர் நம்பியிருந்தார். வீதியில் செல்பவனின் நடையைக் கண்டே நோயைப் பிரித்தறிய வல்ல கண் எத்தகைய கண்! இன்று எத்தனையோ கருவிகள் வந்துவிட்டன. எனினும் இந்நோயைத் தீர்மானிக்கும்போது வைத்தியர்கள் முதலில் நம்புவது தம் கண்ணையேதான்.

பார்க்கின்சன் கண்டவை யாவை? கை வேலையின்றி ஓய்ந்திருக்கும்போதே நடுங்குகிறது. உடல் முன்னோக்கி வளைகிறது. நடக்கத் தொடங்கியவன் தன்னையறியாமல் ஓட்டமும் நடையுமாய் விரைகிறான். நோய் முற்றும்போது அவன் சொற்கள் பிறருக்கு விளங்காதபடி குழறிப்போகின்றன. இவற்றையெல்லாம் எழுதியவர், புலன்களும் அறிவும் பழுதுபடுவதில்லை என்றும் எழுதினார். பிற்காலத்தார் இதைச் சற்றுத் திருத்தியிருக்கிறார்கள். நோய் நெடுங்காலம் நீடித்தால் பலருக்கு நினைவும் சிந்தனையும் தளர்வதுண்டு. ஆயினும் பேச்சுக் குழறுவது வேறு, அறிவு மங்குவது வேறு என்பதை அன்றே அவர் கண்டுகொண்டார். நோயின் இருப்பிடம் கழுத்தருகே, முதுகுத்தண்டின் மேற்பகுதியிலும் மூளை அதனோடு சேரும் இடத்திலும் இருக்கலாம் என்று ஊகித்தார். அது ஊகமே என்பதையும் மறைக்காமல் சொல்லி, பிணத்தை அறுத்து ஆராய்வோர் உண்மையைக் காணட்டும் என்று வேண்டிக்கொண்டார். 1824-இல் அவர் காலமானார்.

நூல் வெளிவந்து பல ஆண்டுகள் வரையிலும் அதைப் படித்தவர்கள் மிகச் சிலரே. ஜெர்மனியில் வில்ஹெல்ம் வான் ஹம்போல்ட் என்னும் பேரறிஞர் இருந்தார். மொழிகளின் இயல்பை ஆராய்ந்தவர். ஜாவாத் தீவின் பழைய கவி மொழியைப் பற்றிப் பெருநூல் எழுதியவர். 1828 முதல் 1835-இல் மறையும் வரையில் அவர் எழுதிய கடிதங்களில், தம் கை நடுங்குவதையும், எழுத்துகள் வரவரச் சிறுத்துப் போவதையும், எழுதுவதே ஒரு போராட்டமாகிவிட்டதையும் மிக நுட்பமாகக் குறித்திருக்கிறார். எல்லாம் முதுமையின் விளைவு என்று கருதினாரேயன்றி, அதற்கு ஒரு நோயின் பெயர் உண்டென்று அவர் அறியவில்லை. இந்த எழுத்துச் சிறுக்கத்தை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். குரல் ஏன் சிறுக்கிறது என்பதைச் சொல்லும்போது மீண்டும் இதனிடம் வருவேன்.

பார்க்கின்சனின் பெயரை மறதியிலிருந்து மீட்டவர் பாரிஸ் நகரத்து ழான் மார்ட்டின் ஷார்க்கோ. சல்பேத்ரியேர் என்னும் பெரிய மருத்துவ மனையில் ஆயிரக்கணக்கான நோயாளிகளுக்கு நடுவே பணிபுரிந்தவர் அவர். இது வாதமே அன்று, தசைகளின் வலிமை பெரும்பாலும் குன்றுவதில்லை, நடுக்கமே இல்லாமலும் இந்நோய் வருவதுண்டு என்று அவர் விளக்கி, நோய்க்குப் பார்க்கின்சனின் பெயரையே சூட்டினார். நோயாளிகளின் தலையில் நீண்ட இறகு செருகிய தொப்பியை அணிவித்து, இறகு ஆடும் விதத்தைக் கொண்டு ஒரு நடுக்கத்தையும் மற்றொரு நடுக்கத்தையும் மாணவர்களுக்குப் பிரித்துக் காட்டினாராம். வலிமை குன்றவில்லையென்றால் குறைவது எது? இக்கேள்விக்கு ஷார்க்கோவிடம் விடையில்லை.

விடையின் முதற்பகுதி 1919-இல் அதே பாரிஸில் கிடைத்தது. ரஷ்யாவிலிருந்து வந்து பயின்ற கான்ஸ்டன்டின் திரெத்தியாக்காப், இந்நோயால் இறந்தவர்களின் மூளைகளை ஆராய்ந்தார். மூளையின் நடுத்தண்டில் கறுத்த நிறமுடைய ஒரு சிறு பட்டை உண்டு. உடற்கூற்று நூலார் அதைக் கரும்பொருள் என்பர். நோயாளிகளின் மூளையில் அந்தக் கருமை வெளிறிப் போயிருந்தது. அங்குள்ள நரம்பணுக்கள் அழிந்திருந்தன. அவருடைய கருத்து எல்லாராலும் ஏற்கப்படுவதற்குப் பல ஆண்டுகள் சென்றன.

அந்த அணுக்கள் மூளைக்குச் செய்துவந்த பணி யாது என்பதை அறிய உதவியது நம் நாட்டு மூலிகை ஒன்று. சர்ப்பகந்தி என்னும் செடியின் வேரை இந்திய வைத்தியர்கள் சித்தப்பிரமைக்கும் தூக்கமின்மைக்கும் நெடுங்காலமாகக் கொடுத்து வந்தார்கள். அவ்வேரிலிருந்து 1952-இல் சுவிட்சர்லாந்து விஞ்ஞானிகள் ரெசர்ப்பைன் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அம்மருந்தை அதிகமாக உண்ட சிலர் நடுக்குவாத நோயாளிகளைப் போலவே விறைத்துப் போனது கண்டு வைத்தியர்கள் திகைத்தனர். ஸ்வீடன் நாட்டு அர்விட் கார்ல்சன் முயல்களுக்கு ரெசர்ப்பைன் கொடுத்துப் பார்த்தார். அவை காதுகள் தொங்க, அசைவற்றுக் கிடந்தன. பின்பு டோபா என்னும் வேறொரு பொருளை ஊசி மூலம் செலுத்தினார். சிறிது நேரத்தில் முயல்கள் எழுந்து துள்ளின! 1957-இல் வெளியான இச்சோதனை பெரும் திருப்பமாயிற்று. டோபா மூளைக்குள் சென்று டோபமைன் என்னும் பொருளாக மாறுகிறது என்பதும், நரம்பணுக்கள் ஒன்றற்கொன்று செய்தி அனுப்ப டோபமைன் தூதாக உதவுகிறது என்பதும் தெரியவந்தன. கரும்பொருளில் உள்ள அணுக்களே மூளையின் ஆழத்திலுள்ள வரியுடல் என்னும் பகுதிக்கு டோபமைனை வழங்குபவை.

இனிக் காட்சி வியன்னாவுக்கு மாறுகிறது. ஒலெ ஹோர்னிகீவிச் என்னும் இளம் ஆராய்ச்சியாளர், இறந்த நோயாளிகளின் மூளைகளைப் பெற்று, வரியுடலில் எவ்வளவு டோபமைன் இருக்கிறது என்று சோதித்தார். டோபமைன் இருந்தால் கரைசல் இளஞ்சிவப்பாக மாறும்படியான முறை அது. நோயற்றவர் மூளையிலிருந்து எடுத்த கரைசல் சிவந்தது. நடுக்குவாத நோயாளியின் மூளையிலிருந்து எடுத்தது ஏறக்குறைய நிறமற்றே நின்றது. கருவி எதுவும் வேண்டாமல் வெறுங்கண்ணாலேயே வேறுபாட்டைக் கண்டதாக அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். இம்முடிவு 1960-இல் வெளியாயிற்று. குறைந்துபோனதை நிரப்பினால் என்ன? டோபமைனை அப்படியே கொடுப்பதில் பயனில்லை; மூளையின் இரத்தக் குழாய்ச் சுவர்கள் அதை உள்ளே விடா. டோபாவையோ அவை விடுகின்றன. ஆகவே வால்தெர் பிர்க்மையர் என்னும் வைத்தியர், 1961-இல், வியன்னா நகரத்து முதியோர் மருத்துவ மனையில் இருந்த நோயாளிகளுக்கு டோபாவின் இடப்பக்க வடிவமாகிய லெவோடோபாவை நரம்பூசியாகச் செலுத்தினார். படுக்கையிலிருந்து எழமாட்டாதவர்கள் எழுந்தார்கள், நிற்கமாட்டாதவர்கள் நடந்தார்கள். அது மட்டுமன்று, ஒலியற்றுக் குழறிய பேச்சு வலுவும் தெளிவும் பெற்றது என்று அவ்விருவரும் தங்கள் அறிக்கையில் தனியே குறித்தார்கள். சில மணி நேரம் சென்றதும் மருந்தின் வேகம் தணிந்தது; பழைய நிலை திரும்பியது. அந்தச் சில மணி நேரத்தில் அம்முதியவர்கள் யாரிடம் என்ன பேசியிருப்பார்கள் என்று நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு.

டோபா அன்று புதிதாகப் பிறந்த பொருளன்று. 1913-இலேயே சுவிட்சர்லாந்தில் மார்க்குஸ் குக்கன்ஹைம் அதை ஒருவகை அவரையிலிருந்து பிரித்தெடுத்தார். இரண்டரை கிராம் தாமே விழுங்கிப் பார்த்து, கடுமையாக வாந்தியெடுத்தார். அதற்குப் பெரிய பயன் இருப்பதாக எவரும் கருதவில்லை. 1937-இல், சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் தாமோதரன், ராமசாமி என்னும் இருவர் பூனைக்காலி விதையிலிருந்து அதே பொருளைப் பிரித்தெடுத்து, ஆங்கில ஆராய்ச்சிப் பத்திரிகையில் வெளியிட்டார்கள். நம் வேலிகளில் படர்ந்து, காயின் சுணை பட்டால் உடம்பெல்லாம் அரிக்கும் பூனைக்காலியேதான்! அதன் விதையை நம் நாட்டு வைத்தியர்கள் நரம்பு நோய்களுக்கு வழங்கி வந்திருக்கிறார்கள். மருந்தும் இருந்தது; நோயும் இருந்தது. இரண்டையும் இணைக்கும் அறிவு வருவதற்கு இன்னும் இருபது ஆண்டுகளுக்கு மேல் தேவைப்பட்டது. இதை எவருடைய குறையென்றும் சொல்வதற்கில்லை. மூளையில் டோபமைனுக்குத் தனிப் பணி உண்டென்று அன்று உலகில் எவரும் அறிந்திலர்.

வியன்னாவின் வெற்றியைப் பலர் நம்பவில்லை. வேறிடங்களில் சோதித்தவர்களுக்கு ஒரு நாள் பயன் தெரிந்தது. மறுநாள் வாந்தியே மிஞ்சியது. ஐயத்தைத் தீர்த்தவர், கிரேக்க நாட்டிலிருந்து அமெரிக்கா சென்று குடியேறிய ஜார்ஜ் கோட்ஸியாஸ். சிறிய அளவில் தொடங்கி, வாரக்கணக்கில் பொறுமையாக அளவை உயர்த்திக்கொண்டே சென்று, வாய்வழியாகவே மருந்தைக் கொடுத்து, 1967-இல் நிலையான பயன் கண்டார். 1970-இல் அமெரிக்க அரசு லெவோடோபாவுக்கு அனுமதி வழங்கியது. மூளையை அடையுமுன் உடலிலேயே மருந்து வீணாகாமல் தடுக்கும் துணைமருந்து ஒன்றும் பின்னர்ச் சேர்க்கப்பட்டது. அதனால் அளவும் வெகுவாகக் குறைந்தது; வாந்தியும் தணிந்தது. 2000-ஆம் ஆண்டில் கார்ல்சனுக்கு நோபெல் பரிசு கிடைத்தது, ஹோர்னிகீவிச்சுக்குக் கிடைக்கவில்லை. இருநூறுக்கும் மேற்பட்ட நரம்பியல் வல்லுநர்கள் இதைக் கண்டித்துப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். அவர்கள் வருத்தம் நியாயமானது என்பதே என் கருத்து.

லெவோடோபா நோயைக் குணப்படுத்துவதில்லை. இழந்ததற்கு ஈடு செய்கிறது. கரும்பொருள் அணுக்கள் தொடர்ந்து அழிந்துகொண்டே இருக்கின்றன. சில ஆண்டுகளில் மருந்தின் பயன் ஒவ்வொரு வேளைக்கும் குறுகிவிடுகிறது. மருந்து வேலை செய்யும்போது எழுந்து நடப்பவர், அது தணிந்ததும் நாற்காலியில் உறைந்துபோகிறார். விளக்கை ஏற்றி அணைப்பது போல என்று வைத்தியர்கள் சொல்வார்கள். மருந்து மிகுந்த வேளையில் கையும் தலையும் தாமாகவே நெளிந்தாடுவதும் உண்டு.

ஆனால் வைத்தியர்களை அதிகம் குழப்பியது பேச்சுதான். கையின் விறைப்புத் தணிகிறது. காலின் தயக்கம் நீங்குகிறது. குரலோ ஒருவருக்குத் தெளிகிறது, மற்றொருவருக்குத் தெளிவதேயில்லை. உந்தியிலிருந்து எழும் காற்று நெஞ்சிலும் மிடற்றிலும் தலையிலும் நின்று, நாவும் பல்லும் இதழும் கூட எழுத்தாகப் பிறக்கிறது என்பதைத் தொல்காப்பியத்தின் பிறப்பியலில் நீங்கள் படித்திருப்பீர்கள். இத்தனை உறுப்புகளும் ஒரு நொடியில் பலமுறை ஒன்றுகூடி இயங்கவேண்டும். நடுக்குவாதத்தில் அவற்றுள் ஒன்றும் செயலிழப்பதில்லை. ஒவ்வொன்றின் அசைவும் சிறிதாகிவிடுகிறது. நெஞ்சு முழுமூச்சு வாங்குவதில்லை. குரல்நாண்கள் நன்றாக நெருங்குவதில்லை. நா அண்ணத்தை அழுந்தத் தொடாமையால் வல்லெழுத்துகள் வன்மை இழக்கின்றன. ஏற்றமும் இறக்கமும் போய்ப் பேச்சு ஒரே சுருதியில் ஓடுகிறது; சில சமயம் கடைசிச் சொல்லே மீண்டும் மீண்டும் வருகிறது. ஹம்போல்டின் எழுத்துச் சிறுத்ததே, அதே காரணத்தால்தான் குரலும் சிறுக்கிறது. எவ்வளவு பெரிய அசைவு வேண்டும் என்று அளந்து கொடுக்கும் பணியில் வரியுடலுக்குப் பெரும்பங்கு உண்டு. அந்த அளவுதான் குறைந்துவிடுகிறது. ஷார்க்கோவின் கேள்விக்கு இதுவே விடை.

இதைவிட வியப்பானது ஒன்று உண்டு. தம் குரல் தாழ்ந்திருப்பது நோயாளிக்குத் தெரிவதில்லை. எனக்குப் பள்ளியில் தமிழ் கற்பித்த ஆசிரியர் ஒருவர் கம்பராமாயணம் நடத்தினால் அடுத்த வகுப்பு மாணவர்களும் தங்கள் பாடத்தை மறந்துவிட்டுக் கேட்பார்கள். பல ஆண்டுகளுக்குப் பின் அவரைக் காணச் சென்றேன். கை நடுங்கியது, முகத்தில் சிரிப்பில்லை, கோபமுமில்லை. ஏதோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை. மரியாதைக்காகத் தலையாட்டினேன். அவர் மனைவியார் என்னைத் தனியே அழைத்து, "எனக்குக் காது மந்தமாகிவிட்டது என்று உங்கள் ஐயா கோபித்துக்கொள்கிறார், தம்பி. நான் வைத்தியரிடம் காட்டிவிட்டேன், காது நன்றாகத்தான் இருக்கிறதாம்" என்றார். ஐயாவின் அறிவு மங்கிவிட்டது என்று எண்ணிக்கொண்டே அன்று வீடு திரும்பினேன். அவர் என்னிடம் சொன்னது, நான் வகுப்பில் தவறாகப் பதம் பிரித்த ஒரு செய்யுளைப் பற்றியது என்று பின்னர் அந்த அம்மையார் கடிதத்தில் எழுதியிருந்தார். முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அவருக்கு அது நினைவிருந்தது. எனக்கு நினைவில்லை.

குரல் தாழ்ந்ததை உணராதவரிடம் 'உரக்கப் பேசுங்கள்' என்றால், ஒரு வாக்கியம் உரக்கப் பேசுவார். அடுத்த வாக்கியத்தில் மீண்டும் தாழ்ந்துவிடும். தக்க ஒலியில் பேசும்போது தாம் கத்துவதாக அவருக்குத் தோன்றுகிறது. மூளை தன் சொந்தக் குரலைத் தவறாக அளக்கிறது. இந்த உண்மையை அடிப்படையாகக் கொண்டு, லொரைன் ராமிக் என்னும் அம்மையாரும் அவர் துணைவர்களும் 1987-இல் அமெரிக்காவில் ஒரு பயிற்சி முறை வகுத்தார்கள். நாவுக்கோ இதழுக்கோ அதில் தனிப் பாடமில்லை. மூச்சை நிரப்பி, உரத்த குரலில், நாள்தோறும், வாரக்கணக்கில் பயில வேண்டும். அந்த உரப்பே இயல்பானது என்று காதுக்கும் மூளைக்கும் பழக்க வேண்டும். மருந்து எட்டாத இடத்தை இப்பயிற்சி பலருக்கு எட்டியிருக்கிறது. அதே 1987-இல் பிரான்சு நாட்டுக் கிரெனோபில் நகரத்தில், மூளையின் ஆழத்தில் மெல்லிய கம்பியைச் செருகி இடைவிடாத மின்துடிப்புச் செலுத்தி நடுக்கத்தை அடக்கும் முறையைப் பெனாபித் என்பவர் புகுத்தினார். கைகால்களுக்கு அது பெரும் நன்மை செய்தது. ஆனால் அதனால் சிலருக்குப் பேச்சு முன்னைவிடக் குழறியது.

ஏன் இப்படி? பேச்சுக்கு டோபமைன் மட்டும் போதாது என்பது பெரும்பாலும் ஏற்கப்பட்ட விளக்கம். 2003-இல் ஹைக்கோ பிராக் என்னும் ஜெர்மானியர் ஒரு கருத்தை வெளியிட்டார். நோய் கரும்பொருளில் தொடங்குவதில்லை. அதற்கும் கீழே, மூளை முதுகுத்தண்டோடு சேரும் முகுளத்தில் முதலில் தோன்றி மேலே ஏறுகிறது என்றார் அவர். எல்லா நோயாளிகளுக்கும் இது பொருந்துமா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் பார்க்கின்சன் 1817-இல் சுட்டிய இடம் இதற்கு வெகு தொலைவில் இல்லை என்பதைக் கவனியுங்கள். நெடுங்காலம் அவருடைய ஊகம் பிழையென்றே கருதப்பட்டு வந்தது!

குத்துச்சண்டை வீரர் முகம்மது அலியை அறியாதவர் உங்களுள் இருக்கமாட்டீர். கைமுட்டியால் அடிக்குமுன் வாய்ச்சொல்லால் எதிராளியை வீழ்த்தியவர் அவர். அவருக்கு இந்நோய் இருப்பது 1984-இல் தெரியவந்தது. தலையில் பட்ட அடிகள் அதற்குக் காரணமா என்பது பற்றிக் கருத்து வேற்றுமை உண்டு. 1996-இல் அட்லாண்டா நகரத்தில் ஒலிம்பிக் தீபத்தை நடுங்கும் கையால் ஏற்றியபோது அவர் ஒரு சொல்லும் பேசவில்லை, 2016-இல் மறைந்தார். மறைந்த மறு ஆண்டு, அரிசோனா அரசுப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் அவருடைய பழைய பேட்டிகளின் ஒலிப்பதிவுகளைத் தேடியெடுத்து, ஒரு விநாடிக்கு எத்தனை அசைகள் பேசினார் என்று எண்ணினார்கள். 1968-க்கும் 1981-க்கும் இடையில் அவர் பேச்சின் வேகம் நூற்றுக்கு 26 பங்கு குறைந்திருந்தது. வைத்தியர்கள் நோயின் பெயரைச் சொல்வதற்குப் பல ஆண்டுகள் முன்னரே அக்குறைவு அந்த ஒலிநாடாக்களில் பதிந்து கிடந்தது.